காப்பி குடித்த தூரம்

மின்கட்டண ரசீதின் முதுகில்
நேற்றிரவு போட்ட கணக்கு:
கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து உப்பனாற்றில்
ஆறு கிலோமீட்டர் மேலே, பழைய பாலம் வரை.
நின்ற தண்ணீரில் எங்கள் துடுப்புக்கு மணிக்கு ஐந்து.
காலையில் வத்தம்; கடலுக்கு இறங்கும் நீர் மணிக்கு இரண்டு.
ஐந்தில் இரண்டு போக மூன்று.
ஆறை மூன்றால் வகுக்க இரண்டு மணி.

அரைமணிக்கொரு தடவை பத்து நிமிடம் வேண்டும் என்றது
ஜெய்லானியின் தோள்பட்டை.
மூன்று ஓய்வு, முப்பது நிமிடம்.
ஆறு பத்துக்குக் கிளம்பினால்
எட்டு நாற்பதுக்குப் பாலத்தடி.
விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டுத் தூங்கினேன்.

முதல் அரைமணி சொன்னபடி வந்தது.
ஒன்றரைக் கிலோமீட்டர்.
ஐஸ் ஆலையின் பாசிச் சுவர்,
கரையில் கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகின் நீல வயிறு,
எல்லாம் பின்னால் போய்விட்டன.
துடுப்புகளை மடியில் குறுக்கே வைத்தோம்.
பரங்கிப்பேட்டையிலிருந்து அவன் கொண்டுவந்த சுக்குக் காப்பி,
பிளாஸ்க் மூடியில்.
ஊதி ஊதிக் குடித்து நிமிர்ந்தால்
நாங்கள் கடந்துவந்த ஐஸ் ஆலை
இப்போது எங்களைக் கடந்துகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் நடையில்.

ஓய்வுக்கு நான் சுழியம் போட்டிருந்தேன்.
ஆறு அதை அடித்துத் திருத்தியது:
கழித்தல் முந்நூற்று முப்பத்து மூன்று மீட்டர்.

துழாவிக்கொண்டே மனசுக்குள் மறுபடி போட்டேன்.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டரும் சில்லறையும்.
அப்படியானால் ஓய்வு மூன்றல்ல, நான்கு.
எட்டு நாற்பது என்பது ஒன்பது பதினேழு.
முப்பத்தேழு நிமிடம் எதில் போயிற்று
என்று ஆபீஸில் கேட்டால்
காப்பியில் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒரு ஓய்வை வெட்டிடலாமா?"
அவன் பதில் சொல்லவில்லை.
ஆலப்பாக்கம் ரோட்டில் பைக்கோடு விழுந்த தோள்;
ஒட்டிய எலும்புக்கு வகுத்தல் தெரியாது.
படிவத்தில் 'இருவரும் முழு உடல்நலம்' என்று எழுதியது நான்.
உண்மையை எழுதினால் வேறு ஆள் தருவார்கள்,
வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிற ஆள்.
வெட்டவில்லை.

உப்பு எதுவரை ஏறுகிறது என்று பார்க்க ஆறு குப்பிகள்.
மூன்றாவதன் மூடியைத் திறந்தது
ஒற்றைப் பனைக்கு எதிரே.
மூடியபோது பனை எங்களுக்கு மேலே போயிருந்தது.
சீட்டில் எந்த இடத்தை எழுதுவது?
தண்ணீரின் முகவரியா, எங்களுடையதா?
பனை என்றே எழுதினேன்.
பேனா கொஞ்சம் தயங்கியது.

ஒன்பது இருபத்தொன்று. பாலத்தடி.
தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.
ஒரு பூவரச இலை கிடந்த இடத்திலேயே கிடந்தது.
ஆறாவது குப்பியை நிரப்பி நிமிர்ந்தபோது
இலை நகரத் தொடங்கியிருந்தது,
மேல்நோக்கி.
ஏத்தம்.
கடல் உள்ளே வருகிறது; நாங்கள் வெளியே போக வேண்டும்.
போனதும் எதிர்த்து, திரும்புவதும் எதிர்த்து.

"இதைக் கணக்குல எழுதலையா மேடம்?"
காலையிலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.
ரசீதை எடுத்துப் பார்த்தேன்,
எழுதியிருப்பேனோ என்பதுபோல.

அவன் குனிந்து
ஐஸ் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.
பச்சை நைலான், நாலு பாகம் இருக்கும்.
வரும்போது முழுக்க என் காலடியில்தான் கிடந்தது.

அரைமணி கழித்து
கரையோரக் கண்டல் வேரில் ஒரு சுருக்கு.
படகு ஒருமுறை இழுத்துப் பார்த்து அடங்கியது.
இரண்டு பக்கமும் ஆறு உரசிக்கொண்டு போக
பத்து நிமிடம்
பத்து நிமிடமாகவே இருந்தது.
கட்டவிழ்ந்த ஐஸ் பெட்டி என் மடியில்;
உள்ளே குப்பிகள் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.
காப்பி தீர்ந்துவிட்டது.
வெறும் மூடியை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.